வாசலுக்கு எதிரே ஒரு தூண்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி கம்பிக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாகப் பீரோவில் உறை பிரிக்காமல் கிடந்தது. டேனியல் சார் சொன்னதால் இன்று எடுத்தேன்.

"மேடம், ஆபீசுக்கு நல்ல மென்பொருள் ஒண்ணு வாங்கிருவோம். இன்னும் எக்செல்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருக்க வேண்டாம். மூணு நாலு சாம்பிள் இறக்கி, பீம் லோடு கணக்கு எல்லாம் போட்டுப் பாருங்க. எது நல்லா இருக்கு, எது சரியில்லன்னு தினம் குறிச்சு வைங்க."

டேனியல் சார் வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனத்தின் முதலாளி. நான் உலகம்மாள், பி.இ., பாளையங்கோட்டையில் அவரிடம் பதினெட்டு வருடமாக ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். எங்கே தூண், பீம் எவ்வளவு ஆழம், கம்பி எத்தனை என்று கணக்குப் போட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. டைரியில் தன்னையே அறிமுகப்படுத்திக்கொள்வது அசட்டுத்தனம்தான். ஆனால் டேனியல் சார் வாங்கிப் படித்தாலும் படிப்பார்.

பதினெட்டு வருடமும் ஒரே எக்செல் தாள், நானே செய்தது. அளவைக் கொடுத்தால் கம்பியைச் சொல்லும். அதை நம்பி எத்தனையோ வீடுகள் நிற்கின்றன.

மூன்று மென்பொருள்களைப் பார்க்கப் போகிறேன். ஒன்று சென்னைக் கம்பெனியுடையது. ஒன்று வெளிநாட்டுக்காரர்களுடையது, விலையைக் கேட்டால் தலை சுற்றும். இன்னொன்று இனாம். வரும் வழியில் இட்லி அரிசி வாங்கினேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. ஆபீசில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. சென்னைக்காரனைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே மத்தியானம் ஆகிவிட்டது.

ஜூன் 5, புதன்

சோதிக்க ஒரு பீம் வேண்டும். நீளம் பதினோரு அடி, அகலம் ஒன்பது அங்குலம், ஆழம் ஒன்றரை அடி என்று மனதுக்கு வந்த அளவைப் போட்டேன். இரண்டு முனையிலும் தாங்கல். பொத்தானை அமுக்கினால் பீம் முழுக்கப் பச்சை. பச்சை என்றால் தாங்கும்.

பின்னால் வந்து நின்ற டேனியல் சார், "இது அந்தப் போர்டிகோ பீம் மாதிரில்லா இருக்கு?" என்றார்.

"எல்லாப் போர்டிகோவும் இப்படித்தான் சார் இருக்கும்."

அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

சென்னைக்காரன் பரவாயில்லை. எழுத்து கொஞ்சம் சின்னது.

ஜூன் 6, வியாழன்

'அந்தப் போர்டிகோ' என்று எழுதிவிட்டேன். அப்படியே விட்டால் எனக்கே சரியாகப் படவில்லை. நடந்ததைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே புதிய மனைப்பிரிவில் ஒரு ஜவுளிக் கடைக்காரருக்கு வீடு கட்டினோம். முன்னால் கார் நிற்க ஒரு போர்டிகோ. வீட்டிலிருந்து நடுவே ஒரு பீம் பதினோரு அடி நீண்டு வரும், அதன் முனையைத் தாங்க ஒரு தூண். அந்தத் தூண் தலைவாசலுக்கு நேர் எதிரே வந்தது. வாஸ்து பார்க்க வந்தவர், வாசல்குத்து, குடும்பத்துக்கு ஆகாது, எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டார்கள். பீமின் ஆழத்தை மட்டும் ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடியாக்கினார்கள்.

ஏப்ரல் 27 கான்கிரீட் போட்டார்கள். வைகாசியில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்ததால் வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். மே 13, பதினாறாம் நாள், கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கியிருந்த முட்டுகளைப் பிரித்தார்கள். கடைசி முட்டைத் தட்டியதும் போர்டிகோ அப்படியே கீழே வந்தது. அடியில் நின்றவர் முப்பிடாதி, வயது முப்பத்து நான்கு, இரண்டு பெண் பிள்ளைகள். கட்டிட மேஸ்திரி ஆவுடையப்பனின் தங்கையைக் கட்டியவர்.

மேஸ்திரியைக் கைது செய்தார்கள். இன்ஜினியரைக் கேட்காமல் தூணை எடுத்தது ஒரு தப்பு, இருபத்தொரு நாளாவது நிற்க வேண்டிய முட்டுகளைப் பதினாறில் பிரித்தது இன்னொரு தப்பு. என் கையெழுத்து இருக்கிற வரைபடத்தில் தூண் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே இதில் என்னுடையது ஒன்றும் இல்லை.

ஜூன் 8, சனி

வெளிநாட்டு மென்பொருள். பீமை முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது. கல்யாண வீட்டு வீடியோக்காரன் கெட்டான்.

அதே பீம். சும்மா பார்க்கலாமே என்று ஒரு முனையின் தாங்கலை எடுத்துவிட்டேன். முழுக்கச் சிவப்பு.

இந்த மென்பொருள் எனக்குப் பிடிக்கவில்லை. நிறங்கள் கண்ணை உறுத்துகின்றன.

ஜூன் 10, திங்கள்

சென்னைக்காரனிடமும் ஒரு முனைத் தாங்கலை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு. மென்பொருளில் ஏதாவது கோளாறு இருக்கலாம் என்று அவர்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள். குரலைக் கேட்டால் கோவையில் படிக்கிற என் மகள் வயதுதான் இருக்கும். நான் அனுப்பியதைத் திறந்து பார்த்தாள்.

"மேடம், சாஃப்ட்வேர் கரெக்டாதான் மேடம் காட்டுது. ரெண்டு பக்கமும் தாங்கல் இருந்தா பீம் நடுவுல தொய்யும், அதனால மெயின் கம்பி அடியில இருக்கணும். நீங்க ஒரு பக்கத்த எடுத்துட்டீங்க. இப்ப நீட்டுன கை மாதிரி நிக்குது. இழுவை எல்லாம் மேல வந்துடும். ஆனா உங்க மெயின் கம்பி இன்னும் அடியிலயே இருக்கு. மேல சும்மா ரெண்டு சின்னக் கம்பிதான் காட்டுது."

"தெரியும்மா."

இது முதல் வருடப் பாடம். நான் தெரியும் என்று சொன்னதில் அவளுக்குச் சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது.

"இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இது கட்டப் போற பீமா?"

"இல்லம்மா. சோதனைக்குப் போட்டது."

"அப்பாடா" என்றாள்.

ஜூன் 11, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேலை ஓடவில்லை.

ஜூன் 12, புதன்

சென்னைக்காரனில் கான்கிரீட்டின் வயதை மாற்றலாம். பதினாறு நாள் என்று போட்டேன், சிவப்பு. இருபத்தொன்று, இருபத்தெட்டு, சிவப்பு. தரத்தையே ஏற்றினேன். பாலத்துக்குப் போடுகிற கான்கிரீட்டைப் போட்டேன். அதற்கும் மேலே, இந்த மாவட்டத்தில் எவரும் வீட்டுக்குப் போடாத கான்கிரீட்டைப் போட்டேன். சிவப்பு. நூறு நாள் முட்டு நின்றிருந்தாலும் எடுத்த அன்றைக்கு விழும்.

குறிப்பு: கான்கிரீட் தரத்தை மாற்றுவது இதில் சுலபம். நல்ல வசதி.

ஜூன் 13, வியாழன்

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இவர், என் கணவர், சொன்னார், "ஆவுடையப்ப மேஸ்திரிக்கு ஜாமீன் கெடச்சிட்டாம். மார்க்கெட்ல வச்சுப் பாத்தேன். ஆளு பாதியா போயிட்டாரு. தங்கச்சி வீட்டுக்குப் போனாராம், அந்தப் பிள்ள கதவ அடைச்சிட்டாம்."

நான் ரசம் ஊற்றினேன்.

"அவரு முகத்தப் பாக்கச் சகிக்கல உலகா. மச்சானக் கொன்னுட்டேன், என் கையாலயே கொன்னுட்டேன்னு அதையே சொல்லுதாரு. அந்த மனுசன் ஒரு செங்கல்லக்கூட உங்கிட்ட கேக்காம வைக்க மாட்டாரே. தூணையா கேக்காம எடுத்தாரு?"

"ரசம் ஆறுது. சாப்பிடுங்க."

இருபத்து நான்கு வருடம் கூட இருக்கிற மனிதர். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன்.

ஜூன் 14, வெள்ளி

இனாம் மென்பொருளில் நிறமெல்லாம் கிடையாது. கடைசியில் ஒரே ஓர் எண். ஒன்றுக்குள் இருந்தால் தாங்கும். அதே பீமுக்கு ஏழரை காட்டியது. பீமில் வரும் பாரம், இருக்கும் கம்பி தாங்கக்கூடியதைப் போல ஏழரை மடங்கு.

என் எக்செல் தாளையும் திறந்தேன். அதிலும் இதற்கு ஒரு கட்டம் உண்டு. இரு முனை, ஒரு முனை என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முனை என்று மாற்றினேன். அதுவும் தாங்காது என்றுதான் சொன்னது. அந்தத் தாளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு அழுகை வந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 15, சனி

டேனியல் சார் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், வக்கீல் ஒரு ரிப்போர்ட் கேக்காரு. புது மென்பொருள்ல, தூணோட, அந்தப் பீம ஓட்டி ஒரு பிரிண்ட் எடுங்க. தூணு இருந்திருந்தா பீம் நிக்கும்னு காட்டணும். அவ்வளவுதான்."

"தூண் இருந்தா நிக்கும் சார்."

"அதத்தான் சொல்லுதேன். பொய்யா ஒண்ணும் வேண்டாம். உள்ளத மட்டும் குடுப்போம்." கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "போன்ல பேசுனதுக்கெல்லாம் சாட்சி கெடையாது. மேஸ்திரியும் இதுவரைக்கும் உங்க பேர எடுக்கல. நீங்க எதையும் மனசுல போட்டுக் கொழப்பாதீங்க. பிள்ள படிச்சிக்கிட்டு இருக்கா."

அப்படியானால் டேனியல் சாருக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. மேஸ்திரி அன்றைக்கே இவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. இவர் ரேஷன் கார்டு விஷயமாகத் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். துணி காயப் போட்டேன். குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்தேன். முருங்கைக்கீரை உருவினேன். இனி வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, எழுத வேண்டியதுதான்.

ஏப்ரல் 21, ஞாயிறு. மேஸ்திரி போன் செய்தார்.

"மேடம், வாஸ்துக்காரர் வந்திருக்காரு. முன்னால உள்ள தூண எடுக்கணும்னு வீட்டுக்காரரு ஒத்தக் கால்ல நிக்காரு. எடுக்கலாமா?"

நான் வேலையாக இருந்தேன். எடுத்தால் பீம் ஆழத்தை ஒன்றரை அடி ஆக்கிவிடுங்கள் என்றேன்.

"கம்பி மேடம்? தூணு போயிட்டுன்னா கம்பி மேலலா வரணும்?"

"டிராயிங்ல உள்ளபடி போடுங்க மேஸ்திரி."

"டிராயிங்ல அடியில இருக்கு. அது தூணு இருக்கையில போட்டதுல்லா. எனக்கு என்னமோ மேல போடணும்னு படுது மேடம்."

"நான் கணக்குப் போட்டாச்சு மேஸ்திரி. உள்ளபடி போடுங்க."

"கணக்குப் போட்டாச்சுன்னா சரி மேடம்."

நான் கணக்குப் போடவில்லை. மறுநாள் ஆபீசில் போட்டுப் பார்த்துவிட்டு, தப்பாக இருந்தால் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஞாபகமே வரவில்லை. மே 13 சாயங்காலம் சைட்டிலிருந்து எனக்குப் போன் செய்து, போர்டிகோ விழுந்துவிட்டது என்று சொன்ன நொடியில்தான் ஞாபகம் வந்தது. அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் தெரியும். மென்பொருள் எதற்கு? ஏதாவது ஒன்று பச்சை காட்டாதா என்றுதான் இரண்டு வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

ரிப்போர்ட் எடுக்கவில்லை. வயிற்று வலி என்று விடுப்பு சொன்னேன்.

ஜூன் 19, புதன்

மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். பதினெட்டு வருடத்தில் அவர் வீட்டுக்குப் போனது இதுதான் முதல் தடவை. வேட்டியை அவசரமாகச் சரிசெய்துகொண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். தாடி முழுக்க நரைத்திருந்தது.

"மேடம், நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? உங்க பேர நான் யார்ட்டயும் எடுக்கல. டேனியல் சார்ட்ட மட்டுந்தான் அன்னைக்குச் சொன்னேன்."

"அதுக்கு வரல மேஸ்திரி." சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் அந்த வரிசையில் வரவில்லை. "முட்டு பிரிச்ச நாளுக்கும் விழுந்ததுக்கும் சம்பந்தம் இல்ல. நூறு நாள் கழிச்சுப் பிரிச்சாலும் விழுந்திருக்கும். கம்பி மேலதான் வந்திருக்கணும். நீங்க கேட்டது சரி. நான் கணக்குப் போடாமலே போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் அவசரப்பட்டதுனால இல்லையா?"

"இல்ல."

"எங்கையால இல்லையா மேடம்?"

"இல்ல மேஸ்திரி."

முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு அழுதார். அவர் என்னை அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அந்த அழுகையில் ஓர் ஆறுதல் இருந்தது, அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டியதை இன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

நாளைக்குப் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அதைப் பற்றி அவர் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

"கேசு என்னமும் ஆயிட்டுப் போவுது. இத எந்தங்கச்சிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுதியளா மேடம்? நான் சொன்னா நம்ப மாட்டா. படிச்சவிய நீங்க சொன்னா நம்புவா. அவ அந்தக் கதவ மட்டும் தொறந்தாப் போதும்."

ஜூன் 20, வியாழன்

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். நேற்று ராத்திரி இவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், கூட வந்தார். நாலு பக்கம். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "யாராவது மெரட்டி எழுதச் சொன்னாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இனி வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை போகும். வழக்கு வரும். மகளிடம் போனில் சொன்னபோது அவள் அழுதாள், பிறகு சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டாள்.

டேனியல் சாரிடமும் போய்ச் சொன்னேன். என் மேசையிலிருந்த கம்ப்யூட்டரை எடுத்துப் போக ஆள் அனுப்பினார். மூன்று மென்பொருளும் சரியாகத்தான் சொல்கின்றன, எதை வேண்டுமானாலும் வாங்குங்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 22, சனி

முப்பிடாதியின் மனைவி பெயர் பேச்சியம்மாள். தச்சநல்லூரில் வரிசை வீடுகளில் நாலாவது. மேஸ்திரி தெருமுனையிலேயே நின்றுகொண்டார். "என்னயக் கண்டா அடைச்சிருவா மேடம். நீங்க சொல்லிட்டுக் கூப்பிடுங்க, வாரேன்." சலவை செய்த சட்டை போட்டிருந்தார். கையில் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பொட்டலம்.

அவள் என்னை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருந்ததால் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. முடித்ததும் அவள் கேட்டாள்.

"அவன் போன் பண்ணையில நீங்க எங்க இருந்திய?"

வேலையாக இருந்தேன் என்று இந்த டைரிக்குக்கூட எழுதியிருக்கிறேன். அவளிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒரு சடங்கு வீட்ல பந்தியில இருந்தேம்மா. பாயசம் ஊத்திக்கிட்டு வந்தாங்க. சீக்கிரம் போன வைக்கணும்னு அப்படிச் சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தபடி ஏதோ யோசித்தாள்.

"கம்பி மேல வரணும்லான்னு எங்கண்ணன் கேட்டானா?"

"கேட்டாரும்மா. ரெண்டு தடவ கேட்டாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சில்லம்மா. ஒரு சந்தேகம்தான்."

"சந்தேகம் இருக்குல்லா. சந்தேகம் இருந்தா முட்டப் பிரிக்க அவன்லா கீழ போயிருக்கணும்? எம்பிள்ளைகளுக்க அப்பாவ ஏன் அனுப்புனான்?"

நான் தண்ணீர்த் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"இத்தன நாளு, தெரியாமச் செஞ்சிட்டான், அவசரத்துல செஞ்சிட்டான்னு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். கூடப் பொறந்தவன், எத்தன நாளைக்கு அடைச்சு வைக்கதுன்னு. அடுத்த வெள்ளிக்கெழம பிள்ளைகளக் கூட்டிட்டு நானே போகணும்னு இருந்தேன்." தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நல்லவேள, வந்து சொன்னிய. நீங்க போயிட்டு வாங்க."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

தெருமுனையில் மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தபடியே நாலு எட்டு முன்னால் வந்தார். "என்ன சொன்னா மேடம்? வரச் சொன்னாளா?"

கொஞ்ச நாள் போகட்டும் மேஸ்திரி, சரியாகிவிடும் என்ற பேச்சு வாய்க்குள் தயாராக வந்து நின்றது. அன்றைக்குப் பந்தியில் வந்ததும் இதே மாதிரி ஒரு பேச்சுதான். அதை விழுங்கிவிட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். வெள்ளிக்கிழமை அவளே வர இருந்ததையும் சொன்னேன்.

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பிஸ்கட் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரியாத்தான் சொல்லுதா மேடம்" என்றார். "மேல நாலு கம்பி சேத்துப் போட்டிருந்தா உங்களுக்குத் தெரியவா போவுது? நான் பாட்டுக்குப் போட்டிருக்கலாம். சைட்ல கம்பி மிச்சம் கெடந்துச்சு."

பிறகு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றோம்.